பிழை இலக்கம் நாற்பது

அத்தியாயம் ஆறு

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு நிஸ்ரினின் காரியாலயப் படியேறி வந்த பெண், கதிரையில் உட்காருவதற்கு முன்பே, தான் ஓர் ஆளைக் கொன்றுவிட்டதாகக் கற்பிட்டி முழுவதும் கதைக்கிறார்கள் என்றாள்.

ஜெனிஸ்டன் கதிரையை இழுத்துப் போட்டான். "இருந்து சொல்லுங்க. கொலையெண்டா கொஞ்சம் நேரம் எடுக்கும்."

நிஸ்ரின் பதினெட்டு வருடம் ஒரு காப்புறுதிக் கம்பனியில் பொய் சொல்லும் ஆட்களைப் பிடித்துக்கொண்டிருந்தவர். நாற்பத்தாறு வயதில் அந்த வேலையை விட்டுவிட்டு, பனிக்கட்டிக் கடைக்கு மேலே இந்த அறையை எடுத்துத் தனியாகத் துப்பறியத் தொடங்கினார். உதவியாளனாக வந்து சேர்ந்தவன் எத்தாளையைச் சேர்ந்த ஜெனிஸ்டன். முப்பத்திரண்டு வயது, சொந்தமாக ஒரு த்ரீவீல், அதைவிட வேகமாக ஓடும் வாய்.

வந்தவள் பெயர் ஸஃப்னா. மன்னாரிலிருந்து தொண்ணூறாம் ஆண்டில் விரட்டப்பட்டுப் புத்தளத்துக்கு வந்த குடும்பத்துப் பிள்ளை. அவள் தன் வேலையை விளக்கியபோது ஜெனிஸ்டன் இரண்டாம் தடவையும் கேட்க வேண்டியிருந்தது. போன் செயலிகளில் ஏதாவது பிழைத்துப்போனால் திரையில் ஒரு வசனம் வருமே, அந்த வசனங்களை எழுதுவதுதான் அவள் வேலை.

"அதுக்கும் ஆள் இருக்கா? நான் நினைச்சன் அது தானா வாற கெட்ட செய்தியெண்டு."

"நிறைய இடத்தில தானாத்தான் வருது. அதாலதான் ஆக்கள் போனைத் தூக்கி எறியிறாங்க," என்றாள் ஸஃப்னா.

அவள் வசனம் எழுதிய செயலியின் பெயர் கரைவிளக்கு. மீனவர் சங்கம் செய்வித்தது. கடலுக்குப் போகுமுன் பதிந்துவிட்டுப் போகலாம், காற்றைப் பார்க்கலாம், ஆபத்தென்றால் சிவப்புப் பொத்தானை அமத்தலாம். ஆறு வாரத்துக்கு முன், தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று பலமாக வீசிக்கொண்டிருந்த ஒரு விடியலில், மாம்புரி மீனவர் நிக்கொலஸ் தனியாகப் படகை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த நாள் உச்சமுனைப் பக்கம் படகு மட்டும் ஒதுங்கிக் கிடந்தது. காணாமல் போவதற்குச் சற்று முன், தன் போன் திரையைப் படமெடுத்து மனைவிக்கு அனுப்பியிருந்தார்.

அந்தப் படத்தை ஸஃப்னா மேசையில் வைத்தாள். வெள்ளைத் திரையில் சிவப்பு எழுத்து.

பிழை 40. உங்கள் கோரிக்கை நிறாகரிக்கப்பட்டது.

"உதவி கேட்ட மனுசனுக்கு ஆப் இப்பிடிச் சொல்லியிருக்கு, அதை எழுதினவள் நான் எண்டு கதை. ஒரு மவுத்தை என்ட தலையில போட்டுட்டாங்க ராத்தா. பள்ளிவாசல்ல வாப்பாவோட ஆருமே முகம் குடுத்துக் கதைக்கிறதில்ல. காரியாலயத்துக்கு வரவேண்டாமெண்டு முதலாளி சொல்லிட்டார். வெள்ளிக்கிழமை சங்கத்தில விசாரணை."

"இதை நீங்க எழுதல்ல," என்றார் நிஸ்ரின்.

"எழுதல்ல. நான் இலக்கம் போட மாட்டன். நடுக்கடல்ல நிக்கிறவனுக்கு நாற்பதெண்டா என்ன, நாற்பத்தொண்டெண்டா என்ன? நிராகரிக்கப்பட்டதெண்டும் எழுத மாட்டன். ஆர் நிராகரிச்சது, ஏன், இனி அந்த மனுசன் என்ன செய்யிறது? அதைச் சொல்லாட்டி வசனம் எதுக்கு?"

அவள் தன் போனில் உண்மையான வசனத்தைக் காட்டினாள். 'உங்கள் உதவி அழைப்பு இன்னும் போகவில்லை. இந்த இடத்தில் சிக்னல் இல்லை. செயலியை மூடாமல் வைத்திருங்கள். சிக்னல் கிடைத்த உடனே நாங்களே அனுப்புவோம்.'

"வாசிக்க ஒரு தேத்தண்ணி குடிச்ச மாதிரி இருக்கு," என்றான் ஜெனிஸ்டன்.

"முதலாளி என்ன சொல்றார்?" என்று நிஸ்ரின் கேட்டார்.

"உள்ளுக்குள்ள எங்கயாவது பழைய வசனம் ஒண்டு கிடந்திருக்கலாமாம். 'இருக்கலாம்' எண்ட அந்த ஒரு சொல்லிலதான் நான் தொங்கிக்கொண்டு நிக்கிறன்."

நிஸ்ரின் படத்தைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். "எழுத்துப் பிழை விடுவீங்களா?"

"தமிழ்த் தினப் போட்டியில பரிசெடுத்தனான் ராத்தா."

"நிராகரிப்புக்கு இதில வல்லின ற போட்டிருக்கு."

ஜெனிஸ்டன் எட்டிப் பார்த்தான். ஆறு கிழமையாக இந்தப் படம் கரையோரத்தில் போகாத போன் இல்லை. அவனுடைய போனுக்கே ஒன்பது தடவை வந்திருந்தது. அவனும் பார்க்கவில்லை.

"சனம் அழுதழுது வாசிச்சது மிஸ். எழுத்துப் பிழை பார்க்கிற நிலைமையில இல்ல."

"அப்ப நாங்க அழாம வாசிப்பம்," என்று நிஸ்ரின் கைப்பையை எடுத்தார்.

*

மாம்புரியில் நிக்கொலஸின் வீடு கடலுக்கும் வெங்காயத் தோட்டத்துக்கும் நடுவில் இருந்தது. முன்னால் வலை வைக்கும் ஓலைக் கொட்டில். அதன் கதவில் நீலப் பெயிண்டால் ஒரு பலகை எழுதித் தொங்கவிடப்பட்டிருந்தது. ஜெனிஸ்டன் த்ரீவீலை நிறுத்திவிட்டு அதை வாசித்தான். இன்னொரு தடவையும் வாசித்தான்.

அனுமதி இல்லாமல் உள்ளே வறுவோர் தண்டிக்கப்படுவர்.

"மிஸ், இங்க உள்ளுக்குப் போய் வறுக்கிறவங்களுக்குத் தண்டனையாம். பொரிக்கிறவங்க தப்பிச்சாங்க."

நிஸ்ரின் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒன்றும் தெரியாவிட்டால் ஏதோ பிடிபட்டுவிட்டது என்று இரண்டு வருட அனுபவத்தில் ஜெனிஸ்டன் கற்றிருந்தான்.

வீட்டுக்குள்ளிருந்து மக்தலேனா வந்தாள். கறுப்புச் சட்டை, கையில் போன். நிக்கொலஸின் மனைவி. வந்த ஆட்கள் யாரென்று கேட்டாள், விசாரணைக்காக என்றதும் தலையாட்டினாள். அவளுக்கு அது பழகிப்போயிருந்தது.

"இந்தப் பலகையை ஆர் எழுதினது தங்கச்சி?" என்றார் நிஸ்ரின்.

"அவர்தான். எந்த ர எங்க வருமெண்டு அவருக்கு ஒருநாளும் பிடிபட்டதில்ல. கலியாணத்துக்கு முந்தி எனக்கெழுதின கடிதமெல்லாம் அப்பிடித்தான். நான் சிரிக்கிறனெண்டு பிறகு எழுதுறதையே விட்டுட்டார்."

நிஸ்ரின் வேறு எதுவும் கேட்கவில்லை. நிக்கொலஸின் போன் இலக்கத்தை மட்டும் வாங்கிக்கொண்டு த்ரீவீலுக்குத் திரும்பினார்.

"படத்தைச் செய்தது நிக்கொலஸ்," என்றார் மெல்லிய குரலில். "கவிழப்போற படகில இருந்துகொண்டு ஒருத்தரும் எழுத்தெழுத்தா அடிச்சுப் படம் செய்ய மாட்டாங்க. கரையில ஆறுதலா இருந்து செய்திருக்கிறார்."

ஜெனிஸ்டனுக்கு வாயில் வந்த பகிடி அங்கேயே நின்றது. "அப்ப ஆள் சாகல்லயா?"

"தெரியாது. கேட்டுப் பார்ப்பம்."

"ஆரை?"

"ஸஃப்னாட வசனங்களை. உங்கட போன்ல கரைவிளக்கைப் போடுங்க. நிக்கொலஸ்ட இலக்கத்தை அடிச்சு, கடவுச்சொல்லுக்கு வாயில வாறதைப் போடுங்க."

ஜெனிஸ்டன் 'இறால்வடை' என்று அடித்தான். திரையில் வசனம் வந்தது.

'கடவுச்சொல் பொருந்தவில்லை. ஆறு நாட்களுக்கு முன் நீங்கள் அதை மாற்றினீர்கள். புதியதைப் போட்டுப் பாருங்கள். இன்று இன்னும் ஒரு தடவை முயலலாம்.'

இரண்டு பேரும் வாசித்தார்கள். தோட்டத்தில் தண்ணீர் மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"செத்து ஆறு கிழமை," என்றான் ஜெனிஸ்டன். "கடவுச்சொல் மாத்தி ஆறு நாள். மோட்சத்தில சிக்னல் நல்லா இருக்கு போல."

நிஸ்ரின் சிரிக்கவில்லை. அவர் கடைசி வசனத்தில் நின்றுவிட்டார். உடனே ஸஃப்னாவுக்குக் கோல் எடுத்து, ஒரு நாளைக்கு எத்தனை தடவை முயலலாம் என்று கேட்டார். ஐந்து, என்றாள் ஸஃப்னா.

"நாங்க ஒருக்காத்தான் அடிச்சம். நாலு மிச்சம் இருக்கணும். ஒண்டுதான் இருக்கு."

ஸஃப்னா மெதுவாகச் சொன்னாள். "அப்ப இண்டைக்கு எங்களுக்கு முந்தி வேற ஆரோ மூண்டு தரம் அடிச்சிருக்கிறாங்க. ராத்தா, அந்த வசனம் ஆர் அடிச்சாலும் வரும். சொந்தக்காரனுக்கு உதவியா இருக்கட்டுமெண்டுதான் எழுதினன்."

"உதவி கொஞ்சம் கூடிப்போச்சு," என்றார் நிஸ்ரின்.

ஜெனிஸ்டன் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான். ஓர் ஆள் ஆறு கிழமை செத்தவனாக நடித்துக்கொண்டு திரிகிறான் என்றால், யாருக்கோ பயந்துதான் திரிகிறான். அந்த யாரோ காலையிலேயே இந்த வசனத்தை வாசித்துவிட்டார்களென்றால், இப்போது அவர்களுக்கும் எல்லாம் தெரியும்.

"மிஸ், பொலிசுக்குப் போவமா?"

"முதல்ல அந்த வீட்டுக்கு," என்று நிஸ்ரின் இறங்கி நடந்தார்.

மக்தலேனா கொட்டில் வாசலிலேயே நின்றாள். போகவில்லை. நிஸ்ரின் ஜெனிஸ்டனின் போனை அவளிடம் நீட்டினார். அவள் திரையைப் பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை. தன் போனைத் திருப்பிக் காட்டினாள். அதே வசனம். கடைசி வரியில் மட்டும் 'இரண்டு தடவை' என்றிருந்தது.

"காலையில மூண்டு தரம் அடிச்சது நான்தான்," என்றாள்.

அவள் பேசியது தரையைப் பார்த்து. "அவர்ட கணக்கு என்ட போன்லயும் திறந்திருந்தது. அவர் போன பாதையெல்லாம் அதில கோடு கோடா இருக்கும். ஒவ்வொரு நாளும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தன். போன புதன்கிழமை திடீரெண்டு வெளிய தள்ளிட்டுது. எங்கட பழைய கடவுச்சொல்லைப் போட்டன். 'இன்று நீங்கள் அதை மாற்றினீர்கள்' எண்டு வந்தது. நான் எங்க மாத்தினன்? ஆப் பிழையான ஆப், அதுதானே அவர்ட உயிரை எடுத்தது, இதுவும் பிழையெண்டு விட்டுட்டன். அடுத்த நாளும் அடிச்சன். நேற்று மாற்றினீர்கள் எண்டுச்சு. பிறகு ரெண்டு நாள், மூண்டு நாள், நாலு நாள்." அவள் நிமிர்ந்தாள். "பிழையான ஒண்டு இவ்வளவு ஒழுங்கா எண்ணுமா அக்கா?"

ஜெனிஸ்டன் தன் போனைத் திருப்பி வாங்கிக்கொண்டான்.

"எண்ணாது," என்றார் நிஸ்ரின். "அவர் இருக்கிறார். இப்ப யோசிச்சுச் சொல்லுங்க. போறதுக்கு முந்தி ஆராவது அவரைத் தேடி வந்தாங்களா?"

மக்தலேனா உள்ளே போய் அலுமாரியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து வந்தாள். புத்தளம் நீதிமன்ற அழைப்பாணை. தை மாதத்தில் ஒரு விடியற்காலை சில பேர் கடத்திவந்த பீடி இலை மூடைகளைக் கரையில் இறக்கியதை நிக்கொலஸ் கண்டிருந்தார். கண்ட ஒரே ஆள். சாட்சி சொல்ல வேண்டிய நாள், வருகிற வெள்ளிக்கிழமை.

"ரெண்டு பேர் வந்தாங்க. நல்ல மரியாதையாக் கதைச்சாங்க. பிள்ளை எந்தப் பள்ளிக்கூடமெண்டும் கேட்டாங்க. மீன் வாங்க வந்த ஆக்களெண்டு இவர் சொன்னார். அதுக்குப் பிறகு ஒழுங்காச் சாப்பிடல்ல."

ஜெனிஸ்டனுக்கு மெல்ல மெல்ல விளங்கியது. ஓடிப்போனால் எங்கேயென்று மனைவியைக் கேட்பார்கள். கொலையென்றால் பொலிஸ் தோண்டும். ஒரு செயலி பிழைத்து ஆள் கடலில் மூழ்கிப்போனால், சனம் செயலியைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போகும். விதவையின் அழுகை உண்மையாக இருக்க வேண்டுமென்பதற்காக அவளுக்கும் சொல்லவில்லை.

"எனக்குச் சொல்லியிருக்கலாம்," என்றாள் மக்தலேனா. "நான் நல்லா நடிப்பன்."

ஆள் எங்கேயென்று தெரியாது. ஆனால் கரைவிளக்கு இப்போது அவர் கையில் எங்கேயோ திறந்திருக்கிறது. ஐந்து தடவையும் முடிந்தால் கணக்குப் பூட்டப்படும், சொந்தக்காரரின் போனுக்கு ஓர் அறிவிப்புப் போகும் என்றாள் ஸஃப்னா. அந்த அறிவிப்பையும் எழுதியது அவள்தான். காரியாலயத்துக்கு வரவேண்டாமென்று சொன்ன முதலாளி, வசனங்கள் எழுதும் பக்கத்திலிருந்து அவளை நீக்க மறந்துபோயிருந்தார்.

"அந்த வசனத்தை மாத்தலாமா?" என்று கேட்டார் நிஸ்ரின்.

"கொஞ்ச நேரத்துக்கு மாத்தலாம். ஆனா அந்த நேரத்தில கணக்குப் பூட்டுப்படுற எல்லாருக்கும் அதுதான் போகும். பேர் எழுத ஏலாது. அவருக்கு மட்டும் விளங்கிற மாதிரி இருக்கணும்."

போன் ஒலிபெருக்கியில் கிடக்க, மக்தலேனா வலைக் குவியலில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினாள். முதல் வசனத்தில் நிக்கொலஸின் பரம்பரை முழுவதும் வந்தது.

"அக்கா," என்றாள் ஸஃப்னா பொறுமையாக, "பிழை விட்ட ஆளைத் திட்டினா அவர் போனை மூடிட்டுப் போயிருவார். நாங்க திட்டாம, என்ன செய்யணுமெண்டு மட்டும் சொல்லுவம்."

"அப்ப திட்ட மாட்டனெண்டு போடுங்க."

"திட்ட மாட்டீங்களா?"

மக்தலேனா யோசித்தாள். "திட்டுவன்."

"அப்ப பொய்யா எழுத மாட்டன்."

கால் மணி நேரம் இழுபறிப்பட்டு முடிந்த வசனம் இது: 'உங்கள் கணக்கைப் பூட்டியிருக்கிறோம். வீட்டில் எல்லாம் தெரிந்துவிட்டது. திட்டுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மனைவியின் இலக்கத்துக்கு இப்போதே கோல் எடுங்கள்.'

ஸஃப்னா மாற்றிவிட்டேன் என்றாள். ஜெனிஸ்டன் மறுபடியும் 'இறால்வடை' என்று அடித்தான். கணக்குப் பூட்டப்பட்டது.

பத்து நிமிடம் போனது. மக்தலேனா போனை மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள். பன்னிரண்டாவது நிமிடம் அது மணியடித்தது. தெரியாத இலக்கம்.

"மக்தா," என்றது குரல்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க இருந்தாள். பிறகு கையை எடுத்தாள். "இருக்கிறீங்களா?"

"ஓம்."

"நல்லது. அப்பிடியே இருங்க. நான் கொஞ்சம் கதைக்கணும்."

அவள் கொஞ்சம் கதைத்து முடிக்க இருபது நிமிடம் எடுத்தது. நிக்கொலஸ் கிழக்குக் கரையில், தெரியாத ஆட்களின் படகில் வேலை செய்துகொண்டிருந்தார். காற்றைப் பார்க்க வேண்டியிருந்தது. வேறு எந்தச் செயலியைத் திறந்தாலும் அவருக்கு ஒரு வரிகூட விளங்கவில்லை. புதுக் கணக்குத் திறக்கச் சங்கத்தின் அனுமதி வேண்டும், செத்தவனுக்கு அதைக் கொடுக்க மாட்டார்கள். ஆகவே பழைய கணக்கையே திறந்தார். இன்னொரு போனிலும் உங்கள் கணக்குத் திறந்திருக்கிறது என்று கரைவிளக்கு அக்கறையாகச் சொன்னது. பயந்துபோய்க் கடவுச்சொல்லை மாற்றினார். கடைசியில் நிஸ்ரின் போனை வாங்கி, நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கேட்கலாம், வெள்ளிக்கிழமை வந்து சாட்சி சொல்லுங்கள் என்றதற்கு அவர் சம்மதித்தார்.

தான் பழி போட்ட செயலியைத்தான் அந்த மனிதன் நம்பிக்கொண்டிருந்தான் என்பதை ஜெனிஸ்டன் ஸஃப்னாவிடம் சொல்லவில்லை. அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

வசனம் மாறியிருந்த அந்த அரை மணி நேரத்தில் இன்னொருவரின் கணக்கும் பூட்டுப்பட்டிருந்தது என்பது அடுத்த நாள் தெரியவந்தது. சிலாபத்துப் பக்கத்து மனிதர். 'வீட்டில் எல்லாம் தெரிந்துவிட்டது' என்று வாசித்தவர், உடனே மனைவிக்குக் கோல் எடுத்து, அவளுக்கு ஒன்றுமே தெரியாத இரண்டு விஷயங்களை ஒப்புக்கொண்டாராம்.

*

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் சங்க மண்டபம் நிறைந்திருந்தது. ஸஃப்னா முன்வரிசையில் தனியாக இருந்தாள். பக்கத்துக் கதிரைகள் இரண்டிலும் யாரும் உட்காரவில்லை. ஜெனிஸ்டன் போய் ஒன்றில் உட்கார்ந்தான். மற்றதில் மக்தலேனா வந்து உட்கார்ந்தபோது மண்டபத்தில் கதை நின்றது.

தலைவர் படத்தைத் தூக்கிக் காட்டி, பிழை நாற்பது என்றால் என்னவென்று ஸஃப்னாவிடம் கேட்டார். தெரியாது என்றாள். எழுதிய ஆளுக்கே தெரியாதா என்றார். அவள் பதில் சொல்லாமல் ஜெனிஸ்டனைப் பார்த்தாள். அவன் போனைப் பார்த்தான். நிஸ்ரின் புத்தளம் நீதிமன்றத்தில் இருந்தார், ஒரு சட்டத்தரணியோடும் தாடி வளர்ந்த ஒரு மனிதரோடும். அந்த மனிதர் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்கும்வரை இங்கே யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது அவர் கட்டளை.

தலைவர் இன்னும் ஆறு கேள்வி கேட்டார். ஆறுக்கும் ஸஃப்னா தலைகுனிந்து நின்றாள். பின்வரிசையில் யாரோ, படிச்ச பிள்ளைகளிட வேலை இதுதான், என்றார்கள். ஒரு சொல்லில் எல்லாவற்றையும் முடித்துவிடலாம். அவள் முடிக்கவில்லை.

பத்து ஐம்பதுக்கு நிஸ்ரினிடமிருந்து தகவல் வந்தது. 'சாட்சி சொல்லியாச்சு. பாதுகாப்புக்கு உத்தரவு போட்டாச்சு.'

ஜெனிஸ்டன் போனை மக்தலேனாவிடம் காட்டினான். அவள் எழுந்தாள்.

"அந்தப் படத்தை இந்தப் பிள்ளை எழுதல்ல. என்ட மனுசன் செய்தது. அவர் சாகல்ல. இப்ப கோட்டில நிக்கிறார். ஏன் செய்தாரெண்டு நீதவானுக்குச் சொல்லிட்டார், உங்களுக்கும் வந்து சொல்லுவார்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார், பிறகு போட்டார். "அப்ப ஆப்பில பிழையே இல்லயா?"

"ஒண்டு இருந்தது," என்றாள் ஸஃப்னா. "கடவுச்சொல்லை எப்ப மாத்தினதெண்டு தெரியாத ஆளுக்கும் சொல்லிக்கொண்டிருந்தது. எடுத்துட்டன்."

நிஸ்ரினின் கட்டளைப்படி அவர்கள் நேரே புத்தளத்துக்குப் போனார்கள். நீதிமன்ற வாசலில் ஒரு பொலிஸ்காரர் பக்கத்தில் நிற்க, நிக்கொலஸ் நின்றார். மெலிந்திருந்தார். மக்தலேனாவைக் கண்டதும் ஓர் அடி முன்னால் வைத்தார், அவள் முகத்தைப் பார்த்து அந்த அடியைத் திருப்பி எடுத்துக்கொண்டார்.

"முப்பத்தோராம் நாள் பூசைக்கு நூற்றிப்பத்துப் பேர் வந்தாங்க," என்றாள் அவள். "எல்லா வீட்டுக்கும் நீங்கதான் போய்ச் சொல்லணும்."

"ஓம்."

"இந்தப் பிள்ளைதான் ஸஃப்னா."

நிக்கொலஸ் அவளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். மக்தலேனா கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"இங்க வேண்டாம். ஜும்ஆத் தொழுகை முடிஞ்சு சனம் வெளிய வாற நேரம். பள்ளிவாசலடியில போய், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, இந்தப் பிள்ளைட வாப்பாவிட்டச் சொல்லுங்க."

பொலிஸ்காரர் நிஸ்ரினைப் பார்த்தார். நிஸ்ரின் தலையாட்டினார். ஜெனிஸ்டன் த்ரீவீலைத் திருப்பினான்.

"வாப்பா இப்பவெல்லாம் எல்லாரும் போன பிறகு கடைசியாத்தான் வெளிய வாறவர்," என்றாள் ஸஃப்னா. "நேரமாகும்."

"அப்ப போற ஆக்களைப் போக விடாம நிப்பாட்டி வைக்கிறன் பிள்ளை," என்று நிக்கொலஸ் ஏறி உட்கார்ந்தார்.